அம்பு ஸ்டிக்கர்

செப்டம்பர் 16, செவ்வாய்

போன வருடத்து அறிவியல் ரெக்கார்ட் நோட்டில் நாற்பது தாள் எழுதாமல் மீதி இருக்கிறது. பின்பக்கமிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் வெங்காயத் தோல் செல்லின் படமும் ‘மௌனிகா, பத்தாம் வகுப்பு’ என்ற லேபிளும் இருப்பதால் யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். இப்போது பதினொன்று படிக்கிறேன்.

எழுதும் இடம் சமையலறை. எங்கள் லைன் வீட்டில் இரண்டே அறை. அம்மாவும் அப்பாவும் முன்னறையில் தூங்கிய பிறகு, அப்பாவின் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நோட்டை வைக்கும் இடம் காஸ் சிலிண்டருக்குப் பின்னால்.

நடந்ததை மட்டும் எழுதுவேன்.

இன்று காலாண்டுத் தேர்வில் ஆங்கிலம். முடிந்து வெளியே வந்தால் பள்ளிக்கூடக் கேட்டுக்கு எதிரே அப்பா வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். என்னைச் சேர்த்த நாளுக்குப் பிறகு அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்ததில்லை. கையில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஃபைல். போன வாரம் அம்மாவின் தொண்டை வழியாகக் கேமரா விட்டு, உள்ளேயிருந்து சின்னச் சின்னதாக ஆறு துணுக்கு எடுத்தார்கள். அதன் ரிசல்ட்.

“டாக்டரம்மா வாயில சொல்லிப்போட்டாங்க கண்ணு. எழுதியும் போட்டிருக்கான்னு பாரு.”

படித்தேன். ‘உணவுக்குழாய், நடுப்பகுதி’ என்று தொடங்கியது. கடைசிச் சொல் எனக்குத் தெரிந்த சொல்.

“போட்டிருக்கா?”

“போட்டிருக்குங்கப்பா.”

அவர் ஃபைலை வாங்கிச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். பிறகு திறந்து மறுபடியும் என்னிடமே கொடுத்தார்.

“உன்ற அம்மாகிட்ட புண்ணுன்னுதான் சொல்லோணும். தொண்டைக்குக் கீழ ஒரு புண்ணு. மாத்திரையில ஆறிப்போயிரும். சரியா?”

“சரிங்கப்பா.”

கரும்புச் சாறு வாங்கித் தந்தார். குடித்தேன். அவர் குடிக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வேதியியல் தேர்வு. அம்மா வேலைக்குப் போனாள். ரசத்தில் உப்பே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

அம்மா வேலை பார்ப்பது பனியன் கம்பெனியில், செக்கிங்கில். பெயர் கலாமணி என்றாலும் கம்பெனியில் ‘செக்கிங் அக்கா’ என்றால்தான் தெரியும். தைத்து முடித்த பீஸ் மலைபோல மேஜையின் இடப்பக்கம் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் காட்டி, கழுத்து, தோள், கை, அடித்தையல் என்று ஒரே வரிசையில் பார்ப்பாள். ஓட்டை, கறை, தையல் விட்டது ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனிக் கூடையில் போடுவாள். குறை இல்லாத பீஸை நடுவில் இரண்டாக மடித்து வலப்பக்கம் வைப்பாள். நான் சின்ன வயதில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மீந்துபோன ஸ்டிக்கர் பட்டைகள் வீட்டில் எப்போதும் கிடக்கும். என் புத்தகத்தில் முக்கியமான கேள்விகளுக்கு அதைத்தான் ஒட்டுவேன்.

அப்பா வேறு கம்பெனியில் அயனிங் மாஸ்டர். அவர் தேய்த்த என் யூனிபார்மிலும் அம்மா ஒரு தடவை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். காலரில் மடிப்பு விழுந்திருந்தது.

“ஏனுங்க, இது எக்ஸ்போர்ட்டுக்குப் போகாதுங்க.”

“லோக்கல்ல தள்ளிவிட்டுக்கலாம், விடு.”

அது போன வருடம்.

எங்கள் வீட்டில் முதலில் அப்பாவும் நானும் சாப்பிடுவோம். பாத்திரத்தை ஒதுக்கிய பிறகு அம்மா சமையலறையில் தனியாகச் சாப்பிடுவாள். எப்போதும் அப்படித்தான். லைனில் எட்டு வீட்டிலும் அப்படித்தான்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போனபோது டாக்டர், “எத்தனை நாளா முழுங்கச் சிரமமா இருக்கு?” என்று கேட்டார். அப்பா இரண்டு மாதம் என்றார். அம்மா ஒரு மாதம் என்றாள். இரண்டு பேரும் சொன்ன பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

செப்டம்பர் 27, சனி

மூன்று பேரும் கோயம்புத்தூர் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். அம்மா பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தோள் வலிக்கவில்லை. அவள் எடை அவ்வளவுதான்.

டாக்டர் ஹேமலதாவுக்குக் குரல் உயராது. இருபத்து மூன்று நாள் கரண்ட் வைக்க வேண்டும், கூடவே வாரத்துக்கு ஒரு நாள் மருந்து ஏற்ற வேண்டும், பிறகு சில வாரம் கழித்து ஆபரேஷன் என்றார். ‘கரண்ட்’ என்று எல்லோரும் சொல்வது கதிர்வீச்சு. அக்டோபர் பதிமூன்றாம் தேதி திங்கட்கிழமை ஆரம்பம்.

அம்மாவை உடை மாற்ற அனுப்பியபோது அப்பா மெதுவாக, “நோய் பேரை மட்டும் அவகிட்டச் சொல்லாதீங்கம்மா, தாங்கமாட்டா,” என்றார்.

“அவங்க கேட்டா நான் பொய் சொல்லமாட்டேங்க. இதுவரைக்கும் அவங்க கேக்கலை,” என்றார் டாக்டர்.

அம்மா திரும்பி வந்ததும் ஒரு படிவத்தைக் காட்டினார். ஏற்கனவே எடுத்த துணுக்கில் மீதியிருப்பதை ஓர் ஆராய்ச்சிக்குத் தருவதற்குச் சம்மதம். செல்களைப் பிரியச் சொல்லித் தூண்டும் புரதங்கள் எவ்வளவு இருக்கின்றன, நோய் எப்படிப் போகிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்களாம். விருப்பம் இல்லையென்றால் வேண்டாம், வைத்தியம் ஒன்றும் மாறாது என்றார்.

“பீஸ் ஏற்கனவே உங்க கையிலதானுங்க இருக்குது? சேம்பிள் பாத்துட்டுப் போங்க,” என்று சொல்லி அம்மா கையெழுத்துப் போட்டாள். டாக்டர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சிரித்ததில் புரையேறி, அடங்க நெடுநேரம் ஆனது.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. கம்பெனியில் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுத்தார்கள். அம்மா தன் பங்கைக் கொண்டுவந்து பாலில் ஊறவைத்தாள். கூழாகும்வரை காத்திருந்து குடித்தாள். நான் பொரியை அப்படியே சாப்பிட்டேன். மெல்லும்போது சத்தம் அதிகமாகக் கேட்டது.

அக்டோபர் 8, புதன்

தாவரவியலில் செல் சுழற்சி தொடங்கியது. ரெஜினா டீச்சர் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு நான்காகப் பிரித்தார். செல் வளரும், டிஎன்ஏவை இரண்டாக்கும், மறுபடி வளரும், பிறகு பிரியும். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அடுத்ததற்குத் தள்ளிவிடச் சைக்ளின் என்ற புரதங்கள் இருக்கின்றன. தள்ளுவதற்கு முன்னால் சரிபார்க்க இடங்கள் இருக்கின்றன. டிஎன்ஏவில் சேதம் இருந்தால் செல் அங்கேயே நிற்க வேண்டும். சரிசெய்ய முடிந்தால் சரிசெய்யும். முடியாவிட்டால் அந்தச் செல் தானாகவே அழிந்துபோகும். அதைப் பார்த்துக்கொள்ளும் புரதத்தின் பெயர் பி53. இது பரீட்சைக்கு வராது, தெரிந்துகொள்ளுங்கள் என்றார்.

எனக்குச் சீக்கிரம் புரிந்தது. அது செக்கிங் மேஜை.

“மௌனிகா, சோதனைப் புள்ளி வேலை செய்யலைன்னா என்ன ஆகும்?”

“குறை இருக்கற செல்லும் அடுத்த கட்டத்துக்குப் போயிரும் டீச்சர். போய் ரெண்டாகும். அந்த ரெண்டும் குறையோட நாலாகும்.”

“குட். உட்காரு.”

உட்கார்ந்தேன். அடுத்து என்ன நடத்தினார் என்று நோட்டில் இல்லை.

அக்டோபர் 11, சனி

அம்மாவுக்கு ஷிப்மெண்ட் வேலை இருந்ததால் அப்பாவும் நானும் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். திங்கட்கிழமைக்கான சீட்டு வாங்க வேண்டும். கவுண்டரில் ஃபைலைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே புதிதாக ஒரு தாள் இருந்தது. அந்த ஆராய்ச்சியின் ரிசல்ட், ஒரு நகல்.

திரும்பும் பஸ்ஸில் படித்தேன். அப்பா ஜன்னல் ஓரம்.

மூன்று வரிதான். பி53: மாறிய வகை. சைக்ளின் டி1: மிக அதிகம். கி-67: அறுபத்தைந்து சதவீதம். கி-67 பாடத்தில் இல்லை. போனில் தேடினேன். எத்தனை செல்கள் பிரியும் வேலையில் இருக்கின்றன என்று காட்டுவது. நூற்றுக்கு அறுபத்தைந்து. பிறகு மூன்று பெயரையும் நோயின் பெயரையும் சேர்த்துத் தேடினேன். ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. நோய் இனி எப்படிப் போகும் என்பதற்கான ஆங்கிலச் சொல். அதற்கு முன்னால் ‘மோசமான’ என்று இருந்தது. ஒரு படத்தில், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் இரண்டு கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. சைக்ளின் டி1 அதிகம் இருப்பவர்களின் கோடு சீக்கிரம் இறங்கியது.

அவிநாசி தாண்டியதும் தாளை எடுத்து என் தாவரவியல் புத்தகத்துக்குள் வைத்தேன். வீட்டுப்பாடம் செய்ய எடுத்துப்போயிருந்தேன்.

“என்ன கண்ணு போட்டிருக்குது அதுல?”

“எல்லாம் சரியா இருக்குன்னு போட்டிருக்குங்கப்பா.”

“நெசமா?”

“நெசமாத்தானுங்கப்பா.”

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அம்மாவுக்கு இளநீர் வாங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “கலா, புது டெஸ்ட் வந்திருச்சு. எல்லாம் சரியா இருக்குதாம்,” என்றார்.

அம்மா என்னைக் கேட்டாள். “அப்படியா பாப்பா?”

“ஆமாம்மா.”

என் முகத்தைப் பார்த்தாள். கழுத்து, தோள், கை என்று பார்ப்பது போலிருந்தது. பிறகு இளநீரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது மூச்சு சரியாக வருகிறது. சமையலறையிலிருந்தே கேட்டு எண்ணினேன், அம்மாவின் மூச்சைச் சொல்கிறேன். நிமிடத்துக்குப் பதினேழு.

அக்டோபர் 13, திங்கள்

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அக்டோபர் 15, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சொன்னாள். “டெஸ்ட்தான் சரியா இருக்குதுன்னு வந்திருச்சே. தீவாளி கழிச்சுப் போய்க்கலாங்க. ஷிப்மெண்ட் நேரத்துல செக்கிங்ல ஆளே இல்ல.”

அப்பா சீட்டை எடுத்துப் பார்த்தார். “டாக்டரம்மா பதிமூணுன்னாங்களே.”

“புண்ணுக்கு இத்தனை அவசரம் எதுக்குங்க?”

அப்பா சீட்டை மடித்தார். புண் என்று சொன்னது அவர்தான். என்னைப் பார்த்தார். நான் தலைசீவிக்கொண்டிருந்தேன். “சரி, டெஸ்ட் நல்லாத்தான இருக்குது,” என்றார்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தீபாவளி முடிந்து வருகிறோம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இன்று காலை அம்மா தண்ணீர் குடித்தாள். பாதி திரும்பி வந்துவிட்டது. பல் தேய்ப்பது போல வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

செல் சுழற்சியில் டெஸ்ட் வைத்தார்கள். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு.

அக்டோபர் 16, வியாழன்

நடந்ததை மட்டும் எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். நடந்ததில் ஒன்றை எழுதவில்லை.

மே மாதம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். தாகம் எடுத்துச் சமையலறைக்குள் போனேன். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு. அதில் தண்ணீர் ஊற்றிக் கையால் பிசைந்து மாவு மாதிரி ஆக்கியிருந்தாள். ஒரு வாய் வைத்து, நெஞ்சில் கையால் தட்டிக்கொண்டு, கண்ணை மூடி முழுங்கினாள். போகவில்லை. எழுந்து தொட்டியில் துப்பினாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“அடைச்சுக்குது. சூடு. உங்கப்பன்கிட்டச் சொல்லிப்போடாத.”

“எத்தனை நாளா?”

“சொல்லாதன்னா சொல்லாத. அவருக்குத் தெரிஞ்சா வேலைக்கு விடமாட்டாரு. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. நீ ரிசல்ட்டப் பாரு.”

நான் சொல்லவில்லை. ரிசல்ட் வந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அம்மாவின் தட்டு கழுவும்போது எப்போதும் சுத்தமாக இருந்தது, ஆனால் தொட்டிச் சல்லடையில் சோறு கிடந்தது. அந்தச் சோற்றை அள்ளிப் போட்டது நான்தான். ஜூலையில் அம்மா தன் ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்தான். ஆகஸ்டில் அப்பாவே கண்டுபிடித்தார்.

மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு ஒரு நாள் என்று பாடத்தில் இருக்கிறது. எல்லாச் செல்லுக்கும் அப்படி இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாளில் எண்கள் கீழே வரை போய்விட்டன. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் காட்டி எரித்துவிட்டேன்.

என் பார்வையில் பட்ட பீஸை நான் இரண்டு தடவை விட்டுவிட்டேன். மே மாதம் ஒன்று, பஸ்ஸில் ஒன்று.

அக்டோபர் 17, வெள்ளி

சாயங்காலம் அப்பா கடைக்குப் போனபோது போனை வைத்துவிட்டுப் போனார். ஃபைல் அட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். நர்ஸ் எடுத்தார். அம்மாவின் பெயரும் ஃபைல் நம்பரும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து டாக்டரே வந்தார்.

“கலாமணி பொண்ணா? ஏன்மா நீங்க திங்கட்கிழமை வரலை?”

சொன்னேன். தாளை ஒளித்ததையும் சொன்னேன். பேசி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

“அந்தத் தாள்ல என்ன புரிஞ்சுது உனக்கு?”

“அம்மா செத்துப்போயிருவாங்கன்னு.”

“அப்படி அதுல எங்கயும் எழுதலைம்மா. நூறு பேரு, இருநூறு பேரைச் சேர்த்துவெச்சுப் பார்த்தா, சைக்ளின் அதிகமா இருக்கறவங்கள்ல நிறையப் பேருக்கு நோய் வேகமாப் போகுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. சிலது அப்படிச் சொல்லலை. அந்தக் கூட்டத்துல உங்கம்மா முன்னாடி நிக்கறாங்களா, பின்னாடி நிக்கறாங்களான்னு அந்தத் தாளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.”

“அப்ப அது நல்ல ரிசல்ட்டா?”

“இல்லை. நல்லதுன்னு சொல்லமாட்டேன். ஆனா அதைப் பார்த்து நான் ஒரு மருந்தைக்கூட மாத்தலை. அந்தத் தாளை நீ ஒளிச்சுவெச்சதால எதுவும் கெட்டுப்போகலை. கரண்ட் ஆரம்பிக்காம ஒரு வாரம் போச்சு பாரு, அதுதான் எனக்குக் கவலை.”

ஃபைலை மூடினேன்.

“எப்ப வர்றீங்க?”

“கேட்டுச் சொல்றேங்க.”

“கேக்காத. கூட்டிட்டு வா. லீவு முடிஞ்சு புதன்கிழமை காலைல எட்டு மணி.”

அக்டோபர் 18, சனி

அம்மா வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்தாள். அப்பா முன்னறையில் தரையில் போர்வை விரித்து என் தீபாவளிச் சுடிதாரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தாவரவியல் புத்தகத்திலிருந்து தாளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

“என்ன இது?”

“அந்த டெஸ்ட். சரியா இருக்குன்னு நான் பொய் சொன்னேன். சரியா இல்ல.”

அம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். “எந்த இடத்துல?”

மூன்று வரியையும் விரலால் காட்டினேன். என்ன என்று சொன்னேன். செக்கிங் பண்ணுகிற புரதம் வேலை செய்யவில்லை, தள்ளிவிடுகிற புரதம் அதிகமாக இருக்கிறது, அதனால் குறையுள்ள செல்கள் நிற்காமல் பெருகுகின்றன என்று சொன்னேன்.

“அப்ப லைன்ல செக்கிங் ஆளே இல்லாம டெலிவரி போயிட்டே இருக்குது.”

“ஆமாம்மா.”

முன்னறையில் அயன்பாக்ஸ் சத்தம் நின்றது.

“அம்மா, அது புண்ணு இல்ல.”

“தெரியும்.”

அப்பா எழுந்து வந்து கதவருகில் நின்றார்.

“எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“அந்த ஆஸ்பத்திரி வாசல்ல ஆனை உசரத்துக்கு போர்டு வெச்சிருக்காங்களே, அது தமிழ்லதான எழுதியிருக்குது? நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ.” அப்பாவைப் பார்த்தாள். “ஏனுங்க, புண்ணுக்கு மருந்து வாங்கறதுக்கு அந்த போர்டுக்குக் கீழ என்னை நாலு மணி நேரம் உக்கார வெச்சீங்களே. பக்கத்துல இருந்த பல்லடத்துக்காரி உங்களுக்கு எந்த எடத்துலன்னு கேட்டா. நான் அவகிட்டப் புண்ணுன்னா சொல்ல முடியும்?”

அப்பா கையில் அயன்பாக்ஸ் ஒயரைப் பிடித்திருந்தார்.

“தெரிஞ்சுதான் தள்ளிப்போட்டியாம்மா?”

அம்மா தாளைத் தடவித் தடவி நேராக்கினாள்.

“நீ அன்னிக்கு சரியா இருக்குதுன்னு சொன்னப்ப உன்ற மூஞ்சியப் பாத்தேன். தையல் விட்டுருக்குதுன்னு தெரிஞ்சுது. ஆனாலும் விட்டுட்டேன். ஒருவேளை சரியா இருந்தா நல்லாருக்குமேன்னு தோணுச்சு. பதினெட்டு வருஷத்துல ஒரு பீஸ நான் அப்படி விட்டதில்ல.”

“புதன்கிழமை எட்டு மணிக்கு வரச்சொல்லியிருக்காங்க. டாக்டர்கிட்டப் பேசிட்டேன்.”

“நீயா?”

“நான்தான்.”

“பாத்தீங்களா, உங்க புள்ள நம்மளக் கேக்காம டேட் வாங்கிப்போட்டா.”

அப்பா தரையில் உட்கார்ந்தார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். அம்மா, “துணி கருகுது பாருங்க,” என்றாள். கருகவில்லை. ஆனால் அவர் எழுந்து போனார்.

மே மாதத்தைப் பற்றி நான் அம்மாவிடம் ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா முறுக்கு சுட்டாள். வேகும் சத்தத்தை வைத்தே பதம் சொன்னாள். வாயில் போட்டுப் பார்த்தது நான்.

அக்டோபர் 22, புதன்

தொடங்கியது. நெஞ்சில் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள். அழியக் கூடாதாம். அம்மா அப்பாவிடம், “கட்டிங்குக்கு மார்க் பண்ணியிருக்காங்க,” என்றாள். அப்பா முதலில் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார்.

நவம்பர் 6, வியாழன்

பன்னிரண்டு நாள் முடிந்துவிட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். கஞ்சியை வடிகட்டி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, உயரத்தில் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். வேகமாகத் தள்ளக் கூடாது. ஒரு வேளைக்கு இருநூறு மில்லி. காலை, இரவு நான். மத்தியானம் அப்பா. அப்பா ஊற்றும்போது கொஞ்சம் சிந்தும்.

அம்மா இப்போது முன்னறையில் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதைச் சாப்பிடுவது என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. அப்பாவும் நானும் தட்டை வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு இறங்கி முடித்த பிறகு சாப்பிடுகிறோம். யாரும் இப்படிச் செய்யலாம் என்று பேசி வைக்கவில்லை.

ஆபரேஷன் உண்டா, எப்போது என்று அடுத்த ஸ்கேனுக்குப் பிறகு சொல்வார்கள். ஜனவரி. அதுவரை யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதை இரவில் ஒரு தடவை சொல்லிக்கொண்டால் தூக்கம் வருகிறது. சில நாள் வருவதில்லை.

நவம்பர் 13, வியாழன்

பதினேழாவது நாள். இன்னும் ஆறு.

பள்ளிக்கூடம் விட்டு வந்து சமையலறைக்குள் போனேன். சிலிண்டர் மாறியிருந்தது. பழையதில் ஒரு பக்கம் துரு இருக்கும், இது புதுச் சிவப்பு.

“சிலிண்டர் வந்துச்சாம்மா?”

“மூணு மணிக்கு வந்தான். பழசை இழுத்துக் குடுத்தேன்.”

“நீயா இழுத்தே?”

“உருட்டினா வருது.”

மூக்குக் குழாயின் மூடியைத் திருகிச் சரிசெய்துகொண்டு, வெங்காயம் உரி என்றாள். உரித்தேன்.

இப்போதுதான் புதுச் சிலிண்டருக்குப் பின்னால் கையை விட்டேன். நோட்டு அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து இருந்தது. தூசி மட்டும் துடைத்திருந்தது.

பின்பக்கமிருந்து பிரித்தேன். செப்டம்பர் 16, ‘புண்ணுன்னுதான் சொல்லோணும்’ என்று அப்பா சொன்ன வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். செப்டம்பர் 18, ரசத்தில் உப்பு இல்லாததை அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்ற இடத்தில் இரண்டு ஸ்டிக்கர், எதிரெதிராக. செப்டம்பர் 21, அம்மா ஒரு மாதம் என்று சொன்ன இடத்தில் ஒன்று. அக்டோபர் 11, ‘நெசமாத்தானுங்கப்பா’ என்ற இடத்தில் ஒன்று, கோணாமல் நேராக.

அக்டோபர் 16ஐத் தேடினேன். மே மாதம் எழுதிய பக்கம்.

வரி வரியாகப் பார்த்தேன். போனைக் கிட்டத்தில் பிடித்து, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் எதுவும் இல்லை. ஒட்டிப் பிய்த்த தடமும் இல்லை. முதலில் அவள் அந்தப் பக்கத்துக்கு வரவேயில்லை என்று நினைத்தேன். ஆனால் ஓரத்தில் கஞ்சி ஒரு சொட்டு விழுந்து காய்ந்திருந்தது.

அந்தத் தாள் மட்டும் நடுவில் இரண்டாக மடித்திருந்தது. மடிப்பு ஓரத்தை நகத்தால் அழுத்தி, செக்கிங் மேஜையில் வைப்பதுபோல வலப்பக்கம் வைத்திருந்தாள்.